27 விநாடிக்குள் கடக்க முடியாதவர்கள்: ஒரு ஸ்மார்ட் சிக்னல் திட்டத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

நடுத்தர அளவுள்ள ஒரு நகரத்தின் முக்கியச் சாலை. அதில் அடுத்தடுத்து 11 சிக்னல்கள். அவற்றைக் கணினியே நேரம் கணித்து இயக்கும் ஸ்மார்ட் சிக்னல்களாக மாற்றும் திட்டத்தில், மாநகராட்சித் தரப்புப் பொறியாளராக நான் இருந்தேன். ஊர், நிறுவனம், ஆட்கள் எதற்கும் இங்கே பெயர் சொல்லப்போவதில்லை. இதே மாதிரித் திட்டத்தைக் கையில் வைத்திருப்பவருக்குப் பெயர்களால் பயனில்லை. எந்தக் கட்டத்தில் எந்த எண் இருந்தது என்பதுதான் உதவும்.

பழைய சிக்னல்கள் யார் வந்தாலும் வராவிட்டாலும் ஒரே தாளத்தில் ஓடியவை. 90 விநாடிக்கு ஒரு சுற்று. அதில் முக்கியச் சாலையைக் குறுக்கே கடக்கப் பாதசாரிகளுக்கு 34 விநாடி. பொத்தான் எதையும் அழுத்த வேண்டியதில்லை. சுற்றுக்கு ஒருமுறை தானாக வரும். அந்த 34 எப்படி வந்தது என்று கோப்பில் எங்கும் எழுதி வைக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

புதிய ஏற்பாட்டில், தாருக்கு அடியில் புதைத்த லூப்களும் கம்பத்துக் கேமராக்களும் வண்டிகளை எண்ணும். எந்தப் பக்கம் வரிசை நீள்கிறதோ அந்தப் பக்கத்துக்குப் பச்சையை நீட்டிக்கும். இது புதுச் சரக்கு இல்லை. பிரிட்டனில் உருவான ஸ்கூட், சிட்னியில் உருவான ஸ்காட்ஸ் ஆகிய இரண்டும் 1970-களிலேயே வந்த முறைகள். அவற்றுக்கும் முன்பே, 1958-ல், வெப்ஸ்டர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் சிக்னல் சுற்று எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு சூத்திரம் கொடுத்தார். இன்றும் கல்லூரியில் அதைத்தான் படிக்கிறார்கள். அந்தச் சூத்திரம் குறைக்கப் பார்ப்பது வாகனங்களின் சராசரித் தாமதத்தை. அதற்குப் பின் எத்தனையோ மாறியிருக்கிறது. எதைக் குறைக்க வேண்டும் என்ற கேள்விக்கான பதில் மட்டும் பெரும்பாலான இடங்களில் அப்படியே இருக்கிறது.

எங்கள் டெண்டரிலும் அதுவேதான். வேலையின் வெற்றி ஒரே வரியில் வரையறுக்கப்பட்டிருந்தது: உச்ச நேரத்தில் சராசரி வாகனத் தாமதம் ஐந்தில் ஒரு பங்காவது குறைய வேண்டும். ஒப்பந்ததாரருக்குக் கடைசித் தவணை கிடைப்பதும் அந்த வரியை நம்பித்தான்.

அந்த வரியை எழுதியது நான். எழுதும்போது அதில் தவறு ஏதும் தெரியவில்லை. அளக்கக்கூடியது, தகராறு வராதது, தணிக்கையில் கேள்வி எழாதது. நல்ல டெண்டர் வரி என்றே நினைத்தேன்.

முதல் மூன்று மாதம்

கன்ட்ரோல் ரூமில் பெரிய திரை. சாலையின் சிவப்புக் கோடுகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு மாறியதைப் பார்க்க வெளியூர் அதிகாரிகள்கூட வந்து போனார்கள். தாமதம் குறைந்தது; இலக்கையும் தொட்டது. எல்லோருக்கும் மகிழ்ச்சி, எனக்கும்தான்.

திரையின் ஒரு மூலையில் சின்னதாக ஒரு வரைபடம் ஏறிக்கொண்டிருந்தது. தலைப்பு ‘பாதசாரி விதிமீறல்’. சிவப்பில் சாலையைக் கடப்பவர்களைக் கேமரா எண்ணிக் காட்டியது. மக்களுக்கு இன்னும் பழகவில்லை, விழிப்புணர்வுப் பலகை வைத்தால் சரியாகிவிடும் என்று மாதாந்திரக் கூட்டத்தில் பேசி முடித்தோம். பலகையும் வைத்தோம்.

ஒரு புகார், மூன்று தடவை

மருத்துவமனைக்கு எதிரே இருந்த சிக்னலைப் பற்றி ஒரே பெண்மணியிடமிருந்து மூன்று புகார்கள் வந்திருந்தன. வயது எழுபதுக்கு மேல். இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வாரம் இரண்டு நாள் பயிற்சிக்காக எதிர்ப்புறம் போய்வர வேண்டியவர். பாதிச் சாலையைத் தாண்டுவதற்குள் பச்சை மினுக்க ஆரம்பிக்கிறது என்பதுதான் புகார்.

முதல் இரண்டுக்கும் ஒரே பதில் போயிருந்தது: ‘சாதனம் சோதிக்கப்பட்டது, சரியாக இயங்குகிறது.’ அதில் பொய் எதுவும் இல்லை. சாதனம் சரியாகத்தான் இயங்கியது, புகாரும் முறைப்படி முடிக்கப்பட்டது. மூன்றாவது கையால் எழுதிய கடிதம். கணினியில் பதிய முடியாததால் என் மேசைக்கு வந்து சேர்ந்தது. இணையத்தில் போட்டிருந்தால் அதுவும் முடிக்கப்பட்டிருக்கும்.

இளம் பொறியாளர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, ஒரு ஸ்டாப்வாட்சோடு அங்கே போய் நின்றேன். திட்டம் தொடங்கியதிலிருந்து அந்தச் சாலையை நான் நடந்து கடந்தது அன்றைக்குத்தான் முதல்முறை. அதுவரை பார்த்ததெல்லாம் காரிலிருந்தும் திரையிலும்தான்.

ஆறு லேன், ஓரங்களும் சேர்த்து 24 மீட்டர். நடுவில் ஒதுங்கி நிற்கத் திட்டு கிடையாது. அந்த அம்மா கைத்தடியோடு ஓரத்தில் நின்றார். பச்சை விழுந்ததும் இறங்கிவிடவில்லை. வலப்பக்கம் ஒரு பார்வை, இடப்பக்கம் ஒரு பார்வை, அப்புறம்தான் தடி முன்னே போனது. ஒவ்வொரு அடிக்கும் முதலில் தடி, பிறகு வலது கால், பிறகு இடது கால். நான்காவது லேனில் இருக்கும்போது பச்சை மினுக்கிக்கொண்டிருந்தது. கடைசி லேனுக்குள் கால் வைக்கும்போது சிவப்பு. முதல் வரிசையில் நின்ற காரின் முன்சக்கரம் ஒரு சாண் நகர்ந்து நின்றது, பின்னாலிருந்து ஹாரன். அவர் திரும்பிப் பார்க்காமல் இடது கையை மட்டும் உயர்த்திக் காட்டியபடி நடந்து முடித்தார்.

பச்சை போதவில்லையா என்று கேட்டேன்.

“நான் அந்தப் பச்சையப் பாக்கறதே இல்ல தம்பி. வண்டிச் சக்கரத்தத்தான் பாப்பேன். அது நகர்ந்தா நின்னுடுவேன்.”

அன்று மாலை வரை அங்கேயே இருந்தோம். நேரம் போதாதது பாதிக் கதைதான். மீதிக் கதை காத்திருப்பு. பழைய 90 விநாடிச் சுற்று, உச்ச நேரத்தில் 130 விநாடியாகியிருந்தது. பச்சை இப்போது தானாக வராது, பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினாலும் முக்கியச் சாலையின் பச்சை அலையை, அதாவது வண்டிகள் நிற்காமல் போக அடுத்தடுத்த சிக்னல்களில் பச்சை விழும் வரிசையை, கலைக்கக் கூடாது என்பதால், சில வேளை கோரிக்கையை அடுத்த சுற்றுக்குத் தள்ளிவிடும். சில நேரம் மூன்று நிமிடத்துக்கும் மேல் நின்றோம். காத்திருப்பு 30 விநாடியைத் தாண்டினாலே பாதசாரிகள் பொறுமை இழப்பார்கள் என்று அமெரிக்கச் சாலைக் கொள்ளளவுக் கையேடே சொல்கிறது. அதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தவன் நான். திரையில் நாங்கள் பார்த்த ‘விதிமீறல்’ வரைபடத்தில் பெரும்பகுதி இந்த ஓரத்தில் நின்று நின்று அலுத்துப்போனவர்கள்.

இன்னொன்றையும் அன்றுதான் கவனித்தோம். பழைய கம்பத்தில் பார்வையற்றவர்களுக்கான டிக்-டிக் ஒலி இருந்தது. புதுக் கம்பத்தில் இல்லை. யாரும் வேண்டாமென்று முடிவெடுக்கவில்லை. டெண்டரில் எழுதப்படவில்லை, அதனால் வரவில்லை.

1.2 என்ற எண்

அலுவலகம் திரும்பி அமைப்புக் கோப்பைத் திறந்தோம். பாதசாரி வேகம் என்ற கட்டத்தில் 1.2 மீட்டர் என்று இருந்தது, அதாவது விநாடிக்கு. மென்பொருளோடு வந்த டிஃபால்ட். 24 மீட்டரை 1.2-ஆல் வகுத்தால் 20 விநாடி. மினுக்கத் தொடங்குவதற்கு முன், இறங்குவதற்கான நிலைப் பச்சை 7 விநாடி. மொத்தம் 27. எங்கள் ஸ்டாப்வாட்ச் கணக்கில் அந்த அம்மாவின் வேகம் ஏறக்குறைய 0.8. பச்சை விழுந்த கணமே இறங்கினாலும் 27 விநாடியில் அவர் போயிருப்பது 21.6 மீட்டர். மீதி 2.4 மீட்டர், ஒரு கார் நிற்கும் அகலம்.

1.2 எங்கிருந்து வந்தது? நீண்ட காலம் பல நாடுகளில் புழங்கிய வழக்கம் அது; அமெரிக்கக் கணக்கில் விநாடிக்கு 4 அடி. முதியவர்கள் பலரால் அந்த வேகத்தில் நடக்க முடிவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொன்ன பிறகு, அமெரிக்கத் தேசியச் சிக்னல் கையேடு 2009 பதிப்பில் அதை 3.5 அடியாக, அதாவது சுமார் 1.07 மீட்டராகக் குறைத்தது. மெதுவாக நடப்பவர்கள் அதிகமுள்ள இடங்களில் இன்னும் குறைக்கலாம் என்றும் சொல்கிறது. எங்கள் கோப்பில் அதற்கு முந்தைய எண் உட்கார்ந்திருந்தது. யாரும் தேர்ந்தெடுத்ததில்லை, யாரும் மாற்றவும் இல்லை.

சரி, அப்படியானால் பழைய 34 எப்படி வந்தது? ஓய்வுபெற்ற ஒரு மேற்பார்வையாளரைத் தேடிப் பிடித்துக் கேட்டோம். “ஆஸ்பத்திரிக்குப் போறவங்க கடக்கறதப் பாத்துட்டுக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டி வெச்சேன் சார். அவ்வளவுதான்” என்றார்.

இதைக் கேட்டு எனக்கு ஏற்பட்ட சங்கடத்தை மறைக்க விரும்பவில்லை. ஒருவர் ஓரத்தில் நின்று பார்த்து வைத்த எண்ணை, யாரும் பார்க்காமல் வந்த எண்ணால் அழித்திருந்தோம். அதற்குத்தான் ‘ஸ்மார்ட்’ என்று பெயரிட்டிருந்தோம்.

யார் கணக்கில் வருகிறார்கள்

மனித மதிப்புகளை ஒட்டி வடிவமைப்பது என்று பேச்சு வந்தால், அந்தரங்கம், வெளிப்படைத்தன்மை, சமத்துவம் என்று பெரிய சொற்கள் வரிசையாக வரும். எங்கள் திட்ட அறிக்கையின் முன்னுரையிலும் அவை எல்லாம் இருந்தன. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பாட்யா ஃப்ரீட்மனும் அவரது சகாக்களும் 1990-களிலிருந்து வளர்த்த மதிப்புணர் வடிவமைப்பு முறையில் எனக்குப் பயன்பட்டது வேறொன்று. ஒரு கருவியைப் பயன்படுத்துபவர்கள் நேரடியாகத் தொடர்புடையவர்கள். பயன்படுத்தாமலேயே அதன் விளைவைச் சுமப்பவர்கள் மறைமுகமாகத் தொடர்புடையவர்கள். இரு தரப்பையும் ஆரம்பத்திலேயே பட்டியலிடச் சொல்கிறது அந்த முறை.

அப்படி ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தோம். எங்கள் ஏற்பாட்டில் கார் ஓட்டுபவருக்கு எடை 1. ஐம்பது பேர் நிற்கிற பேருந்துக்கும் எடை 1, ஏனென்றால் லூப்புக்கு அதுவும் ஒரு வாகனம்தான். ஓரத்தில் நிற்பவருக்கு எடை 0. பொத்தானை அழுத்தினால் ‘ஒரு கோரிக்கை’ ஆவார். பத்துப் பேர் நின்றாலும் அதே ஒரு கோரிக்கை. எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பது எங்கும் பதிவாகவில்லை. அவர்கள் முதன்முதலாக எங்கள் தரவில் தென்படுவது சிவப்பில் கடக்கும்போது, குற்றவாளியாக.

முன்வைக்கப்பட்ட வழிகள்

ஒப்பந்ததாரரிடம் பிரச்சினையைச் சொன்னதும் இரண்டு யோசனைகள் வந்தன. முதலாவது, சிவப்பில் கடப்பவர்களை முகம் அறியும் கேமரா மூலம் அடையாளம் கண்டு அபராதம் விதிப்பது. காத்திருப்பை நீட்டியதும் நாங்கள், பொறுமை இழந்தவரைத் தண்டிப்பதும் நாங்கள் என்றாகிவிடும். இதை அந்தக் கூட்டத்திலேயே நிராகரித்தோம்.

இரண்டாவது யோசனை சுலபத்தில் தள்ள முடியாதது. மெதுவாக நடப்பவரைக் கேமரா அடையாளம் கண்டு, அவருக்கு மட்டும் பச்சையை நீட்டுவது. பார்க்க அழகான தீர்வு. வண்டிகளுக்கு நஷ்டம் குறைவு, முதியவருக்கு நேரம் கிடைக்கும். நானே பாதி ஒப்புக்கொண்டிருந்தேன்.

தயங்க வைத்தது கேமரா அல்ல, கேமராவின் எதிர்காலம். அமெரிக்காவின் சான் டியேகோ நகரம் 2016-ல் 3,000-க்கும் மேற்பட்ட தெருவிளக்குகளில் கேமராவும் சென்சாரும் பொருத்த ஒப்புதல் கொடுத்தது. சொன்ன காரணம் மின்சாரச் சிக்கனமும் போக்குவரத்துக் கணக்கெடுப்பும். 2018-லிருந்து போலீஸ் அந்த வீடியோக்களை விசாரணைகளுக்கு எடுக்க ஆரம்பித்தது. ஊராருக்கு அது தெரிய வந்தது பிறகுதான். எதிர்ப்பு வலுத்து 2020-ல் மேயர் நிறுத்தச் சொன்னபோது, விளக்கை அணைக்காமல் கேமராவை மட்டும் அணைக்க வழியில்லை என்ற சிக்கல் வெளியே வந்தது. டொரொன்டோவின் ஏரிக்கரையில் 2017-ல் அறிவிக்கப்பட்ட ஸ்மார்ட் குடியிருப்புத் திட்டத்திலும் இதே முடிச்சுதான். அங்கே அந்தரங்கப் பாதுகாப்புக்கு ஆலோசகராக இருந்த ஆன் கவூக்கியன், தகவல் சேரும் இடத்திலேயே அடையாளத்தை நீக்க எல்லோரையும் கட்டாயப்படுத்த மாட்டார்கள் என்று தெரிந்ததும் 2018-ல் விலகினார். 2020-ல் திட்டமே கைவிடப்பட்டது.

மூன்றாவதாக எங்கள் இளம் பொறியாளர் சிங்கப்பூரைக் காட்டினார். அங்கே 2009-லிருந்து முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் தங்கள் சலுகை அட்டையைச் சிக்னல் கம்பத்தில் காட்டினால், சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 விநாடி வரை பச்சை கூடும். நல்ல ஏற்பாடு. அங்கே அந்த அட்டை ஏற்கெனவே பேருந்துக்காக அவர்கள் கையில் இருந்தது. எங்களிடம் அப்படி ஓர் அட்டை இல்லை. புதிதாகக் கொடுப்பதென்றால், ஊரில் யார் யார் உடல் தளர்ந்தவர்கள், எப்போது எந்தச் சாலையைக் கடந்தார்கள் என்ற பட்டியல் ஒன்று நம்மிடம் உருவாகும்.

நான்காவது வழி, எல்லோருக்கும் கூடுதல் விநாடி கொடுத்துவிடுவது. யாரையும் அடையாளம் காண வேண்டாம், எந்தக் கருவியும் வேண்டாம். வண்டிகள் காத்திருக்கும். டெண்டரில் நான் எழுதிய இலக்கு தவறும்.

சாக்பீஸ் கோடுகள்

முடிவெடுப்பதற்கு முன் பாதிக்கப்படுபவர்களைக் கேட்டோம். ஹாலில் நாற்காலி போட்டுக் கேட்கவில்லை. ஞாயிறு விடியற்காலையில் மருத்துவமனை முன் சாலையைச் சிறிது நேரம் அடைத்துவிட்டு, வந்தவர்களைக் கடக்கச் சொன்னோம். 27-வது விநாடியில் யார் எங்கே இருந்தாரோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு. சக்கர நாற்காலியில் வந்தவர், கைக்குழந்தையோடு இன்னொரு பிள்ளையையும் பிடித்து வந்தவர், ஊன்றுகோல் வைத்திருந்த இளைஞர், கடிதம் எழுதிய அம்மா. கொஞ்ச நேரத்தில் கடைசி லேன் முழுக்கக் கோடாகக் கிடந்தது. பார்வையிட வந்த நகர்மன்ற உறுப்பினர்களில் ஒருவர் அந்தக் கோடுகள் மேல் நின்றுகொண்டே தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். பேச்சை முடித்துவிட்டுக் குனிந்து பார்த்தார். நான் தயாரித்து வைத்திருந்த 30 பக்க அறிக்கையை அவர் கேட்கவே இல்லை.

பார்வையற்ற ஒருவர் சொன்னது எங்கள் பட்டியலில் இல்லாதது. “புதுக் கம்பத்துல பொத்தான் எங்க இருக்குன்னு தடவிக் கண்டுபிடிக்கறதுக்குள்ள ஒரு பச்சை போயிடுது. அட்டை காட்டற இடம் வேற வெச்சீங்கன்னா அதையும் தேடணும்.” அட்டை யோசனையைப் பற்றி அந்த அம்மா கேட்டது இன்னும் நேரானது. ரோட்டைக் கடக்கறதுக்குக்கூட நான் கிழவின்னு நிரூபிக்கணுமா தம்பி?

எல்லோரும் ஒத்துப்போனார்கள் என்று எழுதினால் பொய்யாகிவிடும். பேருந்து ஓட்டுநர்கள் தரப்பில் வந்தவர் கடுமையாக எதிர்த்தார். பத்து விநாடி என்பது ஒரு சிக்னலில் பத்து, பதினொரு சிக்னலில் எவ்வளவு என்று பாருங்கள், தாமதமாக வந்தால் பயணிகளிடம் திட்டு வாங்குவது நாங்கள்தான் என்றார். பேருந்தில் வருபவர்களும் இறங்கியதும் சாலையைக் கடப்பவர்கள்தானே என்று யாரோ சொன்னார்கள். அவர் அதை ஏற்கவில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

எடுத்த முடிவுகள்

மருத்துவமனை உட்பட நான்கு சிக்னல்களில் பாதசாரி வேகத்தை 0.8 ஆக்கினோம். 24 மீட்டருக்கு 30 விநாடி, நிலைப் பச்சையோடு சேர்த்து 37. மற்ற ஏழில் 1.0. இரண்டு எண் வைத்தது சமரசம்தான். எல்லா இடத்திலும் 0.8 வேண்டும் என்பதே என் கருத்து. ஓட்டெடுப்பில் அது தோற்றது.

பகலில் பச்சை தானாக வரும், பொத்தான் இரவுக்கு மட்டும். பொத்தானை எல்லாக் கம்பத்திலும் ஒரே உயரத்தில், ஒரே பக்கத்தில் மாற்றினோம். ஒலியைத் திரும்பக் கொண்டுவந்தோம். சுற்றுப்புறச் சத்தத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் வகை, அக்கம்பக்கத்து வீடுகளின் இரவுத் தூக்கத்துக்காக. சுற்றின் நீளத்துக்கு 90 விநாடி உச்ச வரம்பு. பேருந்து நெருங்கும்போது அதன் பச்சையைச் சில விநாடி நீட்டும் வசதியைச் சேர்த்தோம். அந்த ஓட்டுநர் வராமல் இருந்திருந்தால் இது எங்களுக்குத் தோன்றியிருக்காது.

கேமராக்கள் இனி எண்ணிக்கையை மட்டுமே வெளியே அனுப்பும். படம் கம்பத்திலேயே அழிந்துவிடும். அவற்றை வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்த வேண்டுமானால், நகர்மன்றத்தின் திறந்த கூட்டத்தில் தீர்மானம் வேண்டும். கேமராவுக்குத் தனி மின்சுவிட்ச். சான் டியேகோ கற்றுக்கொடுத்த சுவிட்ச் அது.

ஒப்பந்தத்தைத் திருத்துவதுதான் இழுபறியாக இருந்தது. இலக்கை நிறைவேற்றியவருக்கு இப்போது இலக்கை மாற்றுகிறோம் என்றால் அவர் சும்மா இருப்பாரா? கடைசித் தவணையை முழுதாகக் கொடுத்துவிட்டுத்தான் திருத்தத்தில் கையெழுத்து வாங்க முடிந்தது. தவறு எங்கள் வரியில் இருந்தது, அதன் செலவும் எங்களுடையது.

அதன் பிறகு

வாகனத் தாமதம் உச்ச நேரத்தில் கூடியது. பழைய சிக்னல் காலத்து அளவுக்குப் போகவில்லை, ஆனால் முதல் மூன்று மாதம் கொண்டாடிய அளவும் நிற்கவில்லை. காரில் போகிறவர்களிடமிருந்து புகார்கள் வந்தன. சிவப்பில் கடப்பவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். புதுப் பலகை எதுவும் வைக்கவில்லை.

நாங்கள் எதிர்பாராத சிக்கல் ஆம்புலன்ஸால் வந்தது. அவசர ஊர்தி நெருங்கினால் சிக்னல் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அதற்கு வழி விடும். அப்படி விடும்போது பாதசாரிகளின் பச்சையையும் பாதியில் வெட்டிவிடும். இது எங்கள் மென்பொருளின் பிழை இல்லை. பல நாட்டு விதிகளே அதை அனுமதிக்கின்றன. ஆனால் எங்கள் சிக்னல் மருத்துவமனை வாசலில் இருக்கிறது. அடிக்கடி ஆம்புலன்ஸ் வரும் இடமும், மெதுவாக நடப்பவர்கள் அதிகம் கடக்கும் இடமும் ஒன்றே. ஒருநாள் சக்கர நாற்காலிக்காரர் நடுச்சாலையில் இருக்கும்போது பச்சை அறுந்தது. ஓட்டுநர் பிரேக் போட்டதால் விபரீதம் எதுவும் நடக்கவில்லை.

உள்ளே இருக்கும் உயிரா, வெளியே நடக்கும் உயிரா என்ற வாதம் கூட்டத்தில் சூடாகப் போனது. அந்த வடிவில் கேட்டால் பதில் கிடைக்காது என்று கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. கேட்க வேண்டியது, ஆம்புலன்ஸ் வருவது சிக்னலுக்கு எப்போது தெரிகிறது என்பதை. அதுவரை 150 மீட்டர் தூரத்தில் தெரிந்தது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அதை 14 விநாடிக்குள் கடந்துவிடும். கடப்பவருக்கோ 30 விநாடி வேண்டும். கண்டறியும் தூரத்தை 400 மீட்டருக்குத் தள்ளினோம். 36 விநாடி கிடைத்தது. புதிதாக யாரும் இறங்காதபடி நிலைப் பச்சை உடனே நிற்கும், ஏற்கெனவே இறங்கியவரின் 30 விநாடியில் கை வைப்பதில்லை. ஆம்புலன்ஸ் சேவையினரும் இதற்குச் சம்மதித்தார்கள்.

தீராத இடமும் உண்டு. ஏழாவது சிக்னலில் பக்கச் சாலை வரிசை நீண்டு பின்னால் உள்ள சந்திப்பையே அடைத்தது. அங்கே மட்டும் சுற்றை 110 விநாடியாக்க வேண்டியதாயிற்று. நடுத்திட்டு கட்டினால் இரண்டு தவணையாகக் கடக்கலாம். அதற்கு ஒரு லேனை இழக்க வேண்டும், அந்த விவாதம் இன்னும் ஓடுகிறது.

மறுபடி செய்தால்

டெண்டர் எழுதுவதற்கு முன்னால் போய் நிற்பேன். ஒரு நாள் முழுக்க, சாலையின் இரண்டு ஓரத்திலும். வெற்றியை வாகனத் தாமதத்தால் அளக்காமல் ஆள் தாமதத்தால் அளப்பேன். ஓரத்தில் நிற்பவரின் ஒரு விநாடிக்கும் கார் இருக்கையின் ஒரு விநாடிக்கும் ஒரே எடை. அளக்கக் கடினம் என்று சொல்வார்கள். வாரத்தில் ஒருநாள் இரண்டு பேர் ஸ்டாப்வாட்சோடு நின்றாலே போதிய அளவு தெரிந்துவிடும், நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம்.

அமைப்புக் கோப்பில் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் யார் வைத்தது, எதைப் பார்த்து வைத்தது என்று ஒரு வரி எழுதச் சொல்வேன். ‘டிஃபால்ட்’ என்பதைக் காரணமாக ஏற்க மாட்டேன். பழைய கருவியைக் கழற்றுவதற்கு முன் அதில் இருந்த ஒவ்வொன்றும் ஏன் இருந்தது என்று அதைப் பராமரித்தவரிடம் கேட்பேன். அந்த டிக்-டிக் ஒலி அப்படித் தப்பியிருக்கும். ‘சாதனம் சரியாக இயங்குகிறது’ என்ற பதிலோடு புகாரை முடிக்கும் வசதியை மென்பொருளிலிருந்தே எடுத்துவிட்டோம். எடுக்க அரை மணி நேரம்தான் ஆனது.

புதிய நேரம் நடைமுறைக்கு வந்த வாரம், சொல்லலாமே என்று அந்த அம்மாவுக்குத் தொலைபேசினேன். சந்தோஷம் தம்பி என்றார். ஆனால் அவர் அந்த வழியாகப் போவதை நிறுத்தியிருந்தார். பயிற்சிக்கும் போகவில்லை. பயமாக இருக்கிறது என்று வீட்டிலேயே செய்துகொள்கிறாராம். ஒருநாள் வந்து பாருங்கள், நானும் நிற்கிறேன் என்றேன். மழை விடட்டும், வருகிறேன் என்றார்.